கோச் சொல்லச் சொல்ல எழுதியது

நோவி டோல், நெப்ராஸ்கா
1937 மார்ச் 14

என் கோணவிரல் ராசாவே,

நீ நலமா என்று கேட்க வழியில்லை. நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் கடிதம் என்றால் முதலில் இதைத்தான் எழுத வேண்டும் என்று நான்காம் வகுப்பில் டீச்சர் சொல்லிக்கொடுத்தாள். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை, பீட்ரூட் வயலுக்குப் போனேன். அதனால் அது மட்டும் மறக்கவில்லை.

நீ போய் ஒன்பது நாள் ஆகிறது. பாஸ்கெட்பால் பையன்களை விரட்டிக்கொண்டிருந்தபோது, வாயில் விசிலோடு சரிந்தாய் என்றார்கள். எனக்கு இன்னும் காலையில் இரண்டு காப்பிதான் போட வருகிறது.

நேற்று உன் பெயருக்குக் கடிதம் வந்தது. என் தம்பி லாட்டிதான். டெக்சாஸில், பெர்டிடோ பேஸ்பால் அணி முகாமில் இருந்து எழுதியிருக்கிறான். மட்டையில் பந்தே சரியாகப் படவில்லையாம். "ஜூன் முடியுற வரைக்கும் பாப்பேன், அப்புறம் பொட்டியக் கட்டு" என்று மேனேஜர் சொல்லிவிட்டானாம். "மாமா, என்ன செய்யட்டும்?" என்று உன்னைக் கேட்கிறான். உன்னை!

கல்லூரித் தலைவர் ஆல்ஃபோர்டும் நேற்றே வந்தார். தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே பேசினார்.

"லாட்டிக்குத் தெரியப்படுத்திட்டியா அல்பினா? ஃபுட்பால், பாஸ்கெட்பால், பேஸ்பால் மூணுலயும் இந்தக் கல்லூரிக்கு ஆடினவன். உன் வீட்டுக்காரர் மாதிரியே. அவன் வந்தா கோச் வேலை அவனுக்குத்தான். வீடும் உங்ககிட்டயே இருக்கும். வேற ஆளு வந்தா ஆகஸ்ட் ஒண்ணாந்தேதிக்குள்ள சாவியக் குடுத்துரணும்மா. நான் போட்ட விதி இல்ல, கல்லூரி விதி."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். தெரிந்தால் லாட்டி அடுத்த ரயிலில் ஏறிவிடுவான். அம்மா செத்தபோது அப்படித்தானே அயோவாவில் பாதி சீசனில் கிளம்பி வந்தான்? ஆறே நாள். திரும்பிப் போனால் அவன் இடத்தில் வேறொருவன். அந்த இடத்தை மறுபடி பிடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. ரயிலடியில் நீ அவனைத் திட்டினது இன்னும் என் காதில் இருக்கிறது. "இனிமே எவன் செத்தாலும் வராதடா. நான் செத்தாலும் வராத. நான் என்ன எந்திரிச்சு ஓடியா போயிருவேன்? அங்கயேதான் கெடப்பேன். சீசன் முடிஞ்சு அக்டோபர்ல வந்து பாத்துக்க." சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

பன்னிரண்டு வருஷம் கேட்சராகப் பந்து பிடித்து, ஏழு விரல் ஒடிந்து, பேனா பிடிக்காத கை உன்னுடையது. உன் கடிதம் எல்லாம் என் கையெழுத்து. நீ அடுப்படியில் குறுக்கும் நெடுக்கும் நடந்து சொல்வாய், நான் எழுதுவேன். கடைசியில் பென்சிலை முஷ்டியில் பிடித்துக் கோணலாக ஒரு 'வி' போடுவாய். வென்சலுக்கு வி. ஆகவே நான் எழுதினால் லாட்டிக்கு வித்தியாசம் தெரியாது. அந்த ஒரு எழுத்தைத் தவிர.

இன்று காலை முழுக்க அவனுடைய கல்லூரி ஆட்டங்களுக்கு நான் எழுதி வைத்த ஸ்கோர் புத்தகங்களைப் புரட்டினேன். நீ அதைத் திறந்ததே இல்லை, அதனால் சொல்கிறேன். மைதானத்தில் நிற்கிற ஒவ்வொருவனுக்கும் ஓர் எண். ஆறு என்பவன் இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்பான், அடிப்பவனுக்கு இடது கைப்பக்கம். மூன்று என்பவன் முதல் பேஸ்காரன். 6-3 என்று எழுதினால், ஆறு பிடித்தான், மூன்றுக்கு எறிந்தான், அடித்தவன் அவுட். ஏழு, எட்டு, ஒன்பது மூவரும் தூரத்தில் இடது, நடு, வலது என்று நிற்பார்கள்; அந்த எண் மட்டும் தனியாக இருந்தால் பந்து யாரும் பிடிக்காமல் அவன் பக்கம் விழுந்தது, அது ஹிட். லாட்டி இந்தக் கடிதத்தில் எழுதியிருப்பதெல்லாம் 6-3, 6-3, 6-3. ஆனால் கடைசி இரண்டு வருஷக் கல்லூரி ஆட்டங்களில் அவன் அடித்த நாற்பத்தொரு ஹிட்டில் இருபத்தொன்பது வலது பக்கம் விழுந்திருக்கின்றன! விரல் விட்டு மூன்று தடவை எண்ணினேன். 

உன் பெயரில் நானே அவனுக்கு எழுதப்போகிறேன். தபால் நிலைய ரோஸியிடம் சொல்லிவிட்டேன். "செத்தவர் பேர்ல கடிதம் போடறது குத்தமான்னு எனக்குத் தெரியாதுடி. நான் தபால்தலையப் பாப்பேன், உள்ள பாக்க மாட்டேன்" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.

உன் அல்பினா

*

நோவி டோல்
மார்ச் 15

டேய் லாட்டி,

நல்லாயிருக்கியா? இங்கே எல்லாம் வழக்கம்போல. அக்கா நலம். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள், எழுத்துப் பிழை இருந்தால் அவளைக் கேள்.

நீ இடது பக்கச் சுவரைத் தாண்டி அடிக்கப் பார்க்கிறாய். அதுதான் உன் வியாதி. கல்லூரியில் உனக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது வலது பக்கம். பந்தை வரவிடு. தோசை திருப்புகிற மாதிரி... அடடா, உனக்கெங்கே தோசை தெரியும், அப்பம் திருப்புகிற மாதிரி அவசரப்படாதே. அது தானாக வலது பக்கம் போகும்.

ஜூன் வரை நாள் இருக்கிறது. அழாதே. ஒவ்வொரு அடிக்கும் எண் போட்டு எழுது.

மாமா

*

பெர்டிடோ, டெக்சாஸ்
ஏப்ரல் 4

அன்புள்ள மாமாவுக்கும் அக்காவுக்கும்,

நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, மாமா? இங்கே இப்போதே அடுப்புக்குள் நிற்கிற மாதிரி வெயில்.

நீங்கள் சொன்னபடி வலது பக்கம் அடித்தேன். மேனேஜர் பூன் பெஞ்சில் ஏறி நின்று கத்தினான். "ஏய் நெப்ராஸ்கா! இடது பக்கம் சுவரு பக்கத்துல நிக்குது, கண்ணு தெரியலியா? என் மாமியா அடிச்சாலே அந்தாண்ட போய் விழும்டா!" நான் சொன்னேன், "அப்ப உங்க மாமியாருக்குச் சட்டையக் குடுங்க சார்." பெஞ்சில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். மூன்று நாள் என்னை ஆடவிடவில்லை.

அதற்குப் பின் 9, 6-3, 8. அதாவது இரண்டு ஹிட், மாமா! பந்து மட்டையில் பட்டதே கைக்குத் தெரியவில்லை, அவ்வளவு சுத்தம்.

ஒரு சந்தேகம். போன கடிதத்தில் உங்கள் கோணல் வி காணோமே? அதைத்தான் நான் கிழித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொள்வது வழக்கம். அப்புறம் 'தோசை' என்றால் என்ன பண்டம்? கல்லூரிக்கு வந்த அந்த இந்தியப் பாதிரியார் சொன்னதா?

உங்கள் லாட்டி

*

நோவி டோல்
ஏப்ரல் 10

டேய் லாட்டி,

இங்கே எல்லாரும் சுகம். ஆமாம், அந்தப் பாதிரியார் அக்காவுக்குச் சுட்டுக் காட்டினாரே, அதுதான். அவள் அதை இன்னும் விடவில்லை.

இந்தக் குளிருக்கு விரல் மடங்கவில்லை. வி போட முடியவில்லை. அதற்கென்ன, பந்து வி-யைப் பார்த்தா வருகிறது?

மேனேஜரிடம் வாயாடாதே. நான் பன்னிரண்டு வருஷத்தில் ஏழு அணி மாறியதற்கு விரல் பாதிக் காரணம், வாய் பாதிக் காரணம். பெரிய லீக்கில் பத்தொன்பது நாள் இருந்தேன், அதில் பதினெட்டு நாள் நன்றாகத்தான் பேசினேன்.

அக்கா கசகசா வைத்த கோலாச் பன் அனுப்புகிறாள். வழியில் நசுங்கியிருக்கும். தின்றுவிடு.

மாமா

*

பெர்டிடோ
மே 16

மாமா! மாமா! மாமா!

நலம் விசாரிக்கப் பொறுமையில்லை, அக்கா மன்னிக்கட்டும்.

பதினோரு ஆட்டத்தில் பத்தொன்பது ஹிட்! இதோ கடைசி இரண்டு ஆட்டத்தின் எண்கள்: 9, 9, 8, 4-3, 9, 7, 8, 9. எதிரணிக்காரர்கள் எல்லாரும் இப்போது வலது பக்கம் நகர்ந்து நிற்கிறார்கள். நேற்று அதைப் பார்த்து இடது பக்கம் ஒன்று விட்டேன், சுவரைத் தாண்டி, பின்னால் இருந்த ஐஸ் வண்டியின் மேல் விழுந்தது. குதிரை மிரண்டு தெருவெல்லாம் ஐஸ்! பூன் என் முதுகில் ஓங்கி அடித்து, "என் மாமியாவ விட நீ பரவால்லடா" என்றான். அவன் வாயிலிருந்து இப்படி வருவதே பட்டம் மாதிரி.

பெரிய லீக்கிலிருந்து ஒருவர் வந்து மூன்று நாளாக மரப்படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறார். மாமா, எனக்கு இரவில் கண் மூடவில்லை.

அக்கா, நீ உன் வார்த்தையில் ஒரு வரி எழுதேன். எப்போதும் அவர் சொன்னதையே எழுதுகிறாய். இங்கே மே மாதம், அங்கேயும் மே மாதம்தானே? விரல் இன்னுமா குளிருகிறது?

லாட்டி

*

நோவி டோல்
மே 23

என் ராசாவே,

உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். பதினோரு ஆட்டத்தில் பத்தொன்பது! கடிதத்தைத் தபால் நிலையத்திலேயே உரக்கப் படித்தேன். ரோஸி முத்திரைக் கட்டையை மேசையில் தட்டித் தட்டிக் கும்மாளம் போட்டாள். "அடியே, கோச்சு செத்தும் ஜெயிக்கிறாருடி!" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எனக்குள் ஒரு குரல், அவர் இல்லடி, நான்தான், என்றது.  வீட்டுக்கு வந்து அடுப்படியில் தனியாக ஆடினேன். நீ போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை, நான் ஆடினேன். உனக்குக் கோபம் வருமா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். கெட்டில்தான் கூவியது.

ஆல்ஃபோர்ட் மறுபடியும் வந்தார். கான்சாஸிலிருந்து ஒருவரைப் பார்த்திருக்கிறார்களாம், மூன்று குழந்தைகளாம்.

"இப்பகூட ஒரு கடிதம் போட்டேன்னா லாட்டி வந்துருவான். வீட்ட நெனச்சுப் பாரு அல்பினா. ஏன் இப்படிக் கல்லு மாதிரி நிக்கிற?"

"அவன் நல்லா அடிச்சுக்கிட்டிருக்கான் சார்."

"அடிச்சு? நாளைக்கு நீ எங்க தூங்குவ?"

 அவர் போனதும் உன் ஃபுட்பால் சட்டைகளை மடித்து ஒரு பெட்டியில் வைத்தேன். லாட்டிக்கு இதில் ஒரு சொல்லும் எழுதவில்லை. வி-யும் போடவில்லை. பென்சிலை முஷ்டியில் பிடித்துப் பார்த்தேன். அச்சாக உன்னுடையது போலவே வரும், எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் கை கீழே இறங்கவில்லை. மற்றதெல்லாம் என் எழுத்து. அது ஒன்றுதான் உன் எழுத்து.

அல்பினா

*

பெர்டிடோ
ஜூன் 12

மாமாவுக்கு,

நலம். இப்போதும் அடிக்கிறேன். எண் எழுதவில்லை, மனசில்லை.

நான்கு கடிதத்தில் வி இல்லை. அக்கா தன் வார்த்தையில் ஒரு வரி எழுதவில்லை. நீங்கள் என்னை ஒரு தடவைகூடக் கழுதை என்று திட்டவில்லை. உடம்புக்கு ஏதோ இருக்கிறது, மறைக்கிறீர்கள்.

1931-இல், நன்றித் திருநாள் ஃபுட்பால் ஆட்டத்தில் கடைசிப் பந்தை நழுவவிட்டுத் தோற்றோம். பஸ்ஸுக்குப் பின்னால் நின்று நான் அழுதபோது நீங்கள் வந்து காதில் ஒன்று சொன்னீர்கள். ஒரே ஒரு வாக்கியம். அதை அப்படியே எழுதி அனுப்புங்கள். அப்புறம் நான் எதுவும் கேட்கமாட்டேன்.

லாட்டி

*

தந்தி
பெர்டிடோ, ஜூன் 27

பெரிய லீக் அழைத்துவிட்டது. நாளை காலை ரயில். மாமா பதில் வராமல் ஏறமாட்டேன். இல்லையெனில் வீட்டுக்கு ரயில். லாட்டி

*

தந்தி
நோவி டோல், ஜூன் 27

மாமா மார்ச் ஐந்தாம் தேதி இறந்துவிட்டார். எழுதியதெல்லாம் நான். ஏறு. அக்கா

*

நோவி டோல்
ஜூலை 25

என் கோணவிரலா,

உனக்கு எழுதி நாளாயிற்று. அவன் கேட்ட அந்த வாக்கியத்தை இரண்டு வாரம் தேடினேன். அன்றைக்கு ஆடிய பையன்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. உன் கோட்டுப் பைகளில்கூடத் தேடினேன் என்றால் சிரிப்பாய்.

தந்தியை எழுதிக் கொடுத்தபோது ரோஸி சொற்களை எண்ணினாள். "'ஏறு'ங்கறத எடுத்துரலாமாடி? அழுதுக்கிட்டே நிக்கிறவன ஏறுன்னு..." என்றாள். "மத்த எல்லாத்தையும் வேணா எடுத்துக்க, அது இருக்கட்டும்" என்றேன்.

அவனிடமிருந்து ஒரு வரி வரவில்லை. ஏறினானா, எங்கே போனான், எதுவும் தெரியாது. நான்கு நாள் ஒவ்வொரு ரயிலுக்கும் போய் நின்றேன். இறங்கிவிடுவானோ என்று பயம். இறங்கினால் நன்றாயிருக்குமே என்று ஓர் ஆசை. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

ஐந்தாம் நாள் பேக்கரி ஹூபர்ட் மாவுக் கையோடு தெருவில் ஓடி வந்தான். "அல்பினா! ஒமாஹா பேப்பரப் பாரு! நம்ம பய பேரு!" பொடி எழுத்தில் இருந்தது: ப்ரோஹாஸ்கா, வலது பக்கக் காவல், நான்கு முறை ஆடி இரண்டு ஹிட். பெரிய லீக்! ஹூபர்ட் என் கையைப் பிடித்துக் குலுக்கி என்னை முழங்கைவரை மாவாக்கினான்.

அதிலிருந்து தினமும் பேப்பர் வருவதற்கு முன்பே போய் நிற்கிறேன். அவன் எனக்கு எழுதுவதில்லை. ஆனால் ஒன்று, இரண்டு, பூஜ்யம், மூன்று என்று தினமும் ஏதோ ஓர் எண் வருகிறது. அதையே கடிதம் என்று வைத்துக்கொண்டேன். பூஜ்யம் வந்த நாளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

புதன்கிழமை சாவியைக் கொடுத்தேன். ஹூபர்ட் பேக்கரிக்கு மேலே ஓர் அறை. விடிவதற்கு முன்பே ரொட்டி வாசனை வந்து எழுப்பிவிடுகிறது. ஸ்கோர் புத்தகங்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில்.

அல்பினா

*

ஃபிலடெல்ஃபியா, ஒரு ஹோட்டல்
ஆகஸ்ட் 14

அன்புள்ள கோச்சுக்கு,

மேலே எழுதியிருப்பது உன்னைத்தான் அக்கா. நலமா? பேக்கரி மேல் அறையில் வெக்கை தாங்குகிறதா?

ஆமாம், தெரியும். ஆல்ஃபோர்ட் எழுதினார். வேலை, வீடு, ஆகஸ்ட் ஒன்று, எல்லாம். நீ ஒரு சொல் சொல்லவில்லை. ஏழு வாரம் நான் ஏன் எழுதவில்லை என்றால், எழுத உட்கார்ந்தாலே காகிதம் கிழிகிறது. நான்கு மாதம் செத்த மனுஷனிடம் மாமியார் ஜோக் அடிக்க வைத்துவிட்டாயே அக்கா! மண்ணைப் போடக்கூட நான் இல்லை. அந்த ரயிலில் செயின்ட் லூயிஸ் வரை அழுதேன். எதிரே இருந்த சோப்பு விற்பவர் எனக்குப் பாதி சாண்ட்விச் கொடுத்து, "யாருப்பா போனது?" என்றார். "எங்க கோச்சு" என்றேன். அப்புறம் யோசித்தேன். போனவர் கோச். அந்தப் பத்தொன்பது ஹிட்டை அடிக்க வைத்தவர் போகவில்லை. அதற்குப் பிறகு அழுகை கொஞ்சம் அடங்கியது. கோபம் அடங்கவில்லை, இன்னும் கொஞ்சம் இருக்கிறது, வைத்திருக்கிறேன்.

பஸ்ஸுக்குப் பின்னால் மாமா என் காதில் சொன்னது பச்சைக் கெட்ட வார்த்தை. உன் எதிரே அதைச் சொல்லி உன் கையால் எழுத வைக்க அவரால் உயிர் போனாலும் முடியாது. எந்தப் பதில் வந்தாலும் அது பொய் என்று எனக்குத் தெரிந்துவிடும். நீ எந்தப் பதிலும் எழுதவில்லை. அதை நினைத்தால்தான் உன் மேல் கோபம் நிற்க மாட்டேன் என்கிறது.

சரி, கேள். முதல் நாள் நாற்பதாயிரம் பேர்! தொப்பியைக் கழற்றினால் மறுபடி தலையில் வைக்கக் கை வரவில்லை. முதல் பந்தையே வலது பக்கம் தட்டினேன், 9. முதல் பேஸில் நின்று உன்னைத் தேடினேன், எப்போதும் நீ உட்காரும் மூன்றாவது படியில். இங்கே அந்தப் படியில் ஒரு சுருட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

இப்போது ஒரு தொல்லை. மெதுவாக வளைந்து வருகிற பந்தை என்னால் அடிக்க முடியாது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்கு வேகமாக ஒன்றும் எறிவதில்லை, வளைவுதான். பேப்பரில் பார்த்திருப்பாய், நான்கு நாளாகப் பூஜ்யம். இங்கே கோச்சுகள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அடிப்பவன் நிற்கிற பெட்டிக்குள் பின்னால் தள்ளி நில்லு என்கிறான் ஒருவன். முன்னால் வந்து வளையுமுன் அடி என்கிறான் இன்னொருவன். நான் அவர்களிடம், "எங்க கோச்சக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். இருபத்தைந்தாம் தேதிக்குள் எழுது. நீ சொல்வதைத்தான் செய்வேன்.

நீ கூப்பிட்டால் இப்போதே வந்துவிடுவேன். அதையும் எழுது.

லாட்டி

*

நோவி டோல்
ஆகஸ்ட் 19

என் கோணவிரல் ராசாவே,

லாட்டி எழுதிவிட்டான்! கோச் என்று எழுதியிருக்கிறான், என்னை. அந்த ஒரு சொல்லை ஹூபர்ட்டிடம் காட்டினேன், ரோஸியிடம் காட்டினேன், ஆல்ஃபோர்ட் தெருவில் போனார், அவரிடமும் காட்டினேன். "வீட்ட விட்டதுக்கு இதுவா?" என்றார். "இதுதான் சார்" என்றேன். புது கோச்சின் மூன்று பிள்ளைகளும் நம் வாசலில் பந்து எறிந்துகொண்டிருக்கிறார்கள். சின்னது நன்றாக எறிகிறது.

'வராதே, அக்டோபரில் வா' என்று அவனுக்கு எழுதி முடித்துவிட்டேன். அந்தப் பாதி சுலபமாக இருந்தது.

மற்றப் பாதிக்காக நேற்றும் இன்றும் கட்டிலுக்கு அடியில் இருந்த அத்தனை புத்தகத்தையும் எடுத்துத் தரையில் பரப்பினேன். நீ கோச்சாக இருந்த பதின்மூன்று வருஷம். ஒவ்வொரு பந்தும் எங்கே போய் விழுந்தது, எவன் பிடித்தான், எவனுக்கு எறிந்தான், எல்லாம் இருக்கிறது. அடித்தவன் கால் எங்கே நின்றது என்று நான் ஒரு தடவைகூட எழுதவில்லை. எழுத அதில் கட்டமே இல்லை. நீதான் பார்த்துக்கொண்டிருந்தாய். பெஞ்சிலிருந்து எழுந்து போய், குனிந்து, பையன்களின் கணுக்காலைப் பிடித்து நகர்த்தி வைப்பாய். எந்தப் பக்கம் நகர்த்தினாய் என்று நான் பார்த்ததில்லை. அந்த நேரம் நான் பென்சில் சீவிக்கொண்டிருப்பேன்.

நாளைக் காலை எட்டு மணிக்குத் தபால் பை கட்டிவிடுவார்கள். லாட்டி நான் சொன்னபடியே நிற்பான். நாற்பதாயிரம் பேருக்கு முன்னால் நிற்பான். பாதிக் காகிதம் வெள்ளையாகக் கிடக்கிறது, பென்சில் என் கையில் இருக்கிறது. அடுப்படியில் நடந்தபடி சொல்வாயே, அப்படிச் சொல் ராசா, அவனைப் பின்னால் நிற்கச் சொல்லட்டுமா, முன்னால் வரச் சொல்லட்டுமா?